கேப்டன் பரம்பரை

பூட்டு ரிப்பேர் செய்பவருக்குத் தெருவில் ‘கேப்டன்’ என்று பெயர். கப்பல் ஏறியவர் அல்ல. படகு லேசாக ஆடினாலே குமட்டும் ஆள். தெருமுனைப் பலகையில் இருக்கும் பிரெஞ்சுக் கேப்டனின் பெயர்தான் இவருடைய குடும்பப் பெயரும். அந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. தெருக்கள் எல்லாமே ஏதாவது ஒரு துரையின் பெயரில்தான் இருந்தன. இஸ்திரிக்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும்கூட வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர்கள். துரை வீட்டில் வேலை பார்த்தவர்கள் துரையின் பெயரையே வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். நம்மவர் மட்டும் தன் உடம்பில் ஓடுவது சாட்சாத் கேப்டன் ரத்தம் என்று கதை அளந்துகொண்டிருந்தார்.

யார் பூட்டைக் கொண்டுவந்தாலும், அது அவர்களுடையதுதானா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகே அரத்தைக் கையில் எடுப்பார். அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக் கதவை ஒருநாள் வெளிநாட்டுக்காரன் ஒருவன் படம் பிடித்துக்கொண்டு போனான்; சந்தேகம் வராமல் இருக்குமா? டீக்கடைக்காரர் வேறு, அவனுக்கும் இதே குடும்பப் பெயராம் என்று பற்ற வைத்துவிட்டுப் போனார். முன்புறம் கடை, பின்னால் இரண்டு அறை; அந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடமில்லை.

“பங்கு கேக்கத்தான் வந்திருக்கான். கேப்டன் ரத்தம்னு நீங்கதானே ஊரெல்லாம் தமுக்கடிச்சீங்க?” என்றாள் மனைவி.

மறுநாள் காலை அவன் கடைக்கே வந்து நின்றான். பாதித் தெரு வேடிக்கை பார்த்தது. கேப்டன் வாசலை அடைத்துக்கொண்டு, அவன் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டார்.

“முதல்லயே சொல்லிடறேன். எங்க தாத்தாவோட தாத்தா கேப்டன் வீட்டுச் சமையல்காரர். பேரும் கேப்டன் குடுத்தது, வீடும் அவருக்குக் குடுத்தது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

டீக்கடைப் பக்கம் ஒரே சிரிப்பு. போகட்டும், மானம் போனாலும் வீடு தப்பியது என்று அவர் மூச்சு விட்டார்.

வந்தவனின் கண் கலங்கியது. திக்கித் திக்கி, ஆனால் தமிழில்தான் பேசினான்.

“அந்தச் சமையல்காரருக்கு ரெண்டு பசங்க. சின்னவர் கப்பல் வேலைக்குப் போய் வெளிநாட்டுலயே தங்கிட்டார். நான் அவர் வழி. இங்க எங்க சொந்தம்னு யாருமே மிச்சமில்லன்னு நெனச்சேன், அண்ணா.”

சொல்லிக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கேப்டனும் ‘தம்பி’ என்று மனசாரத்தான் கூப்பிட்டார். ஒரு கையால் தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறு கையால், உள்கதவைச் சாத்து என்று மனைவிக்கு ஜாடை காட்டினார்.