விளக்கு வைத்த பிறகு கேட்ட உப்பு

வளைகுடாவில் சாலைக்கு உப்பா என்று கேட்காதவர் இல்லை. முனியசாமியும் முதலில் அப்படித்தான் கேட்டார். அமீரகத்தின் வடக்கே, மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றின் பலதியா யார்டில் அவர் ஸ்டோர் கீப்பர். நகராட்சியை அங்கே எல்லாரும் பலதியா என்றுதான் சொல்வார்கள். ஒரு குளிர்காலத்தில் லாரி ஒன்று வந்து யார்டின் மூலையில் வெள்ளையாக எதையோ கொட்டிவிட்டுப் போனது. தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் உப்பளத்து வீட்டில் பிறந்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டு பரல் எடுத்து வாயில் போட்டார். கைப்பு இருந்தது. ஊரில் மனைவி நாகஜோதிக்குப் போன் போட்டு, நம்ம ஊர் உப்பு இல்லை என்று உறுதி சொன்னார். எதற்கு உப்பு என்று அவள் கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை.

பதில் மலை உச்சியில் இருந்தது. தை மாதக் குளிரில் ஏதோ ஓரிரு விடியற்காலை, மேல் வளைவுகளில் ஈரம் உறைந்து கண்ணாடியாகிவிடும். ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்த கார்கள் வழுக்கி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. அதற்குப் பிறகு வந்ததுதான் உப்பு. உறைகிற இடத்தில் தூவிவிட்டால் பனிக்கட்டி பிடிக்காது.

ஆனால் குவியல் வருஷம் முழுக்க அப்படியே கிடந்தது. மேலே போலீஸ் சாவடி, மின்வாரியக் கோபுரம், சுற்றுலாக் கம்பெனி என்று ஆளாளுக்குத் தனித்தனியாக மூட்டை வாங்கி வைத்து, ஈரக் காற்றில் எல்லாம் பாறையாக இறுகிப்போயின. பலதியா எஞ்சினியர் ஒரு வழி செய்தார். ஒரே குவியல்; வேண்டியவர் வந்து எடுக்கலாம்; குளிர் முடிந்ததும் எடுத்த அளவுக்குப் புதிதாக வாங்கிக் கொட்ட வேண்டும். காவலுக்கு முனியசாமி.

முனியசாமிக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. யார் எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். ஆட்டுத்தொட்டிக்காரர்கள் தோல் பதப்படுத்தக் கேட்டபோது, ரோட்டுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார். அவராக வைத்துக்கொண்ட ஒரே விதி, விளக்கு வைத்த பிறகு உப்பு கிடையாது. பகலிலும் கைக்குக் கை கொடுக்கமாட்டார். தரையில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும், பொழுது சாய்ந்து கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது அவர் வீட்டு நம்பிக்கை. மண் அள்ளும் ஷவல் வண்டி ஓட்டும் பட்டாணியர் இதை வளைகுடா இந்தியில் ஊருக்கே அறிவித்தார்: “மக்ரிப் கே பாத் நமக் மாஃபி.” அந்தி பாங்குக்குப் பிறகு உப்பு இல்லை என்று அர்த்தம். எஞ்சினியர் இதைப் பாதுகாப்பு விதி என்று எண்ணிப் போர்டே எழுதி மாட்டிவிட்டார்.

இந்த ஜனவரியில் ஒரு நாள் பிற்பகல், விடியற்காலை மேலே உறையும் என்று எச்சரிக்கை வந்தது. போலீஸும் மின்வாரியமும் வெளிச்சத்திலேயே எடுத்துப் போய்விட்டார்கள். சுற்றுலாக் கம்பெனியில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஜாபர் சாதிக் மட்டும் வரவில்லை. காயல்பட்டினத்துக்காரர்; முனியசாமிக்கு அவர் ‘காக்கா’, அந்த ஊர் வழக்கில் அண்ணன். குளிரைப் பார்க்க வந்த கூட்டத்தைக் கீழே அனுப்பிவிட்டு அவர் பிக்கப்பில் வந்து சேர்ந்தபோது பாங்கு முடிந்து யார்டு விளக்கும் எரியத் தொடங்கிவிட்டது.

காலையில் வரச் சொன்னார் முனியசாமி.

“காலையில வந்து என்னவே செய்ய? விடியுமுன்ன ஸ்டாஃப் வண்டி மேல ஏறணும். ஓட்டுறது உம்ம ரூம்காரன் ஐயப்பன்தான்.”

முனியசாமி மலையை அண்ணாந்து பார்த்தார். ஐயப்பனின் வண்டியில் காலைச் சமையலுக்குப் போகிற ஆட்கள் நிறைய இருப்பார்கள். மேல் வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

“நான் குடுக்கமாட்டேன் காக்கா,” என்றார் கடைசியில். “டீ குடிக்கப் போறேன். கேட்டைப் பூட்டலை. மம்பட்டி அங்கதான் கிடக்கு.”

ஜாபர் சிரித்துவிட்டார். “களவாண்டுட்டுப் போகச் சொல்லுதீரு. எங்க உம்மாவும் விளக்கு வச்சப்புறம் உப்பு குடுக்காது வே. நீரு போயிட்டு வாரும்.”

முனியசாமி கஃபட்டேரியாவில் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். திரும்பி வந்ததும் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் தாங்கவில்லை. உப்பின் மேல் தார்ப்பாய் கட்டியபடியே இருந்தது. முடிச்சும் அவர் போட்ட முடிச்சு. தரையில் சிந்தியிருந்த வெள்ளைத் துணுக்குகளைப் பின்தொடர்ந்தார். அவை பக்கத்துக் குவியலில் போய் முடிந்தன. ரவுண்டானாவில் செடிகளைச் சுற்றிக் கொட்டுவதற்காக அந்த வாரம்தான் வந்திறங்கிய வெள்ளைப் பளிங்குக்கல் பொடிசு. அதற்கும் அதே நீலத் தார்ப்பாய். எப்போதும் முனியசாமியே திறந்து எடுத்து வைப்பதால் ஜாபருக்கு எது எதுவென்று தெரியாது. மூலையில் விளக்கும் இல்லை.

ஜாபருக்குப் போன் போட்டார்; போகவில்லை. மலையில் ஏறிவிட்டால் உச்சி வரை சிக்னல் கிடையாது.

மம்பட்டியை எடுத்தவர் ஒரு கணம் நின்றார். பிறகு முடிச்சை அவிழ்த்து, யார்டு பிக்கப்பில் மூட்டை மூட்டையாக உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு மலையேறினார்.

மேல் வளைவில் ஜாபரும் இரண்டு ஆட்களும் பளிங்கைத் தூவி முடிக்கப் போகிற நேரம். இந்த வருஷ உப்பு ஏன் இப்படிக் கரகரவென்று இருக்கிறது என்று ஜாபர் குறைப்பட்டார்.

“வாயில போட்டுப் பாருங்க,” என்றார் முனியசாமி.

ஜாபர் போட்டுப் பார்த்தார். கடித்தார். துப்பினார். பிக்கப்பின் பின்பக்கம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

கீழே வைத்தால் மூட்டை சரிவில் உருண்டு பள்ளத்தில் விழும். முனியசாமி முதல் மூட்டையை அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு எல்லா மூட்டைகளையும்.

விடிந்ததும் உச்சியிலிருந்து ஐயப்பன் கூப்பிட்டான். வண்டி அலுங்காமல் ஏறிவிட்டது. “ஆனா அண்ணே, மேல் வளைவுல ரோடு முழுக்க வெள்ளைக் கல்லு கிடக்கு. ரவுண்டானாவ அங்க தூக்கி வச்சிட்டாங்களா?”

ஐயப்பன் குரல் கேட்ட பிறகுதான் முனியசாமி நாகஜோதிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். விளக்கு வைத்த பிறகா என்று கேட்டாள். ஆமாம் என்றார். கையிலா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம்தான். பிறகு, வண்டியில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டுவிட்டு, சரி, போய்த் தூங்குங்கள் என்றாள்.

தூங்க விடவில்லை. வெயில் ஏறுவதற்குள் சாலையில் கிடக்கும் கல்லைக் கூட்ட வேண்டும் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். தூவியவர்தான் கூட்ட வேண்டும் என்றார் முனியசாமி. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்தான் கூட்ட வேண்டும் என்றார் ஜாபர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இருவரும் யார்டு நடுவே நின்று உரக்கச் சண்டை போட்டார்கள். பட்டாணியர் ஷவலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

பாதிச் சண்டையில் முனியசாமிக்குச் சட்டென்று வேகம் குறைந்தது.

“நான் சொன்னேன்லா காக்கா,” என்றார். “கையில குடுத்தா இதுதான் வரும்னு.”

ஜாபர் சாதிக் சுவரோரம் போனார். இரண்டு துடைப்பங்களை எடுத்தார். ஒன்றை முனியசாமியிடம் நீட்டப் போனவர், நிறுத்தி, தரையில் வைத்தார்.