தோலுக்குப் போகும் அணுக்கள்

ஜீவாவுக்கு முப்பத்தொரு வயது. ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ் என்று எட்டு வருஷமாக வேலூருக்குப் போய் வருகிறாள். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஊரார் ரத்தத்தை எல்லாம் பார்க்கத் தெரிந்தவளுக்குப் பெத்த அப்பன் கையைச் சரிபண்ணத் தெரியலையே என்று பக்கத்து வீட்டுக்காரி முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட வாய்களுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன?

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா கோவிந்தசாமி பத்து வருஷம் பச்சைத்தோல் கிடங்கில் உப்புப் போட்டவர். அதன்பின் பதினாறு வருஷம் தோல் பதனிடும் டேனரியில், குரோம் ரசாயனம் கலந்த தண்ணீரில் ஊறி நீலமாக வரும் தோலை டிரம்மிலிருந்து வெறுங்கையால் இழுத்துப் போட்டார். முதலில் அரிப்பு வந்தது, பிறகு வெடிப்பு, பிறகு சீழ். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார். குரோம் ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்ச் சொன்னபோது மேனேஜர் சிரித்தானாம். "உங்க வூட்டு சோப்பு சரியில்லய்யா. உடம்பு உன்னுது, வியாதியும் உன்னுது" என்று சொல்லி, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டான். கைவலியைவிட அந்தப் பேச்சுதான் மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது.

அவரைப்போல வேலையை விட்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். அவர்களில் அப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரின் ரத்தத்தைப் பரிசோதிக்க டாக்டர் குர்ஷித் ஒரு சிறிய திட்டம் வாங்கினார். ஜீவாதான் அதில் கையும் காலும்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் காவல் பார்க்கும் வெள்ளணுக்களில் சில, தோலுக்கென்றே போகிறவை. அவற்றின் மேல் சிசிஆர்-4 என்றொரு புரதம் இருக்கும். தோல் கூப்பிட்டால் கேட்கிற காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காது வைத்த அணுக்கள் இந்தப் பன்னிரண்டு பேரிடம் மற்றவர்களைவிட ஜாஸ்தியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வியாதி சோப்பால் வந்ததல்ல, குரோமால் வந்தது என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும். அதற்குத்தான் ஆன்டிபாடி. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்த்திருக்கும் சாயம் லேசர் பட்டால் ஒளிரும். மிஷின் அந்த ஒளியை எண்ணும். சுண்டுவிரல் அளவுக் குப்பியில் அரை மில்லி திரவம். வெளிநாட்டிலிருந்து வந்து சேர இரண்டு மாதம் பிடித்தது. மார்ச்சோடு திட்டம் முடிகிறது. அதற்கு இரண்டே வாரம்தான் பாக்கி.

திங்கட்கிழமை ரத்தம் எடுப்பதாக ஏற்பாடு. கூரியர்காரன் செவ்வாய்க்கிழமைதான் தருவேன் என்றதால் ஜீவா சனிக்கிழமை சென்னைக்கே போய்க் குப்பியை வாங்கிவந்தாள். அரக்கோணத்தில் ரயிலை வெகுநேரம் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். காட்பாடி வருவதற்குள் ஆராய்ச்சிக் கூடத்தைப் பூட்டியாயிற்று. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு எடுத்துவந்து பிரிட்ஜில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆட்களை நேரில் பார்த்து ஞாபகப்படுத்தக் கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நைனா, இது சில்லுனே இருக்கணும். கெட்டுதுன்னா அவ்ளோதான், வேற கெடைக்காது."

உறையக் கூடாது என்று சொல்லவில்லை. எட்டு வருஷமாகத் தினமும் செய்கிற காரியம். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

வாணியம்பாடியில் சமீருல்லா முதலில் மசியவே இல்லை. அப்பாவோடு ஒரே டிரம்மில் வேலை செய்தவர். "ரத்தம் குடுத்து இன்னாம்மா ஆவப்போது?" என்றார். பிறகு அவரே, "கோவிந்தண்ணன் பொண்ணு வந்து கேக்கற, இல்லேன்னு சொல்ல முடியல. ஒரு தடவதான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். மற்றவர்களும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை.

பதினோரு மணிக்கு ஆம்பூரில் அவர்கள் தெருவின் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கோவிந்தசாமி மதியம்வரை பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் மீன் மார்க்கெட்டுக்கு ஓடினார். ஐஸ் பாளம் வாங்கி உடைத்து, தெர்மோகோல் பெட்டியில் நிரப்பி, நடுவில் குப்பியைப் புதைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினார். ஜீவா திரும்பியபோது இருட்டிவிட்டது. கரண்ட் இன்னும் வரவில்லை.

"தொறக்காத. சில்லு வெளிய பூடும்" என்றார், பெருமையாக. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் கை பழுத்த மிளகாய்போல் சிவந்து வீங்கியிருந்தது.

"கையில இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. ஐஸ் பட்டுது."

அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்த கை அது. ஜீவா பெட்டியைத் திறக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு பேரும் ஒரே வேனில் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து இறங்கினார்கள். எதிர் அறையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜீவா டேப்பைக் கிழித்தாள். ஐஸ் கூழ்போலக் கிடந்தது. விரல் வைத்ததும் எரிகிற மாதிரி ஒரு குளிர். குப்பியை எடுத்து அசைத்தாள். உள்ளே அசைவே இல்லை, கல். அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆராய்ச்சிக் கூடத்தில் யாரும் செய்யாத காரியம். உப்புக் கரித்தது.

ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். குல்ஃபி விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். உறைந்தால் அந்தச் சாயம் செத்துவிடும். அது ஜீவாவுக்குத் தெரியும்.

குப்பியை உள்ளங்கையில் பொத்தி உருக்கினாள். ஊர்பேர் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள். அந்தப் புரதம் இருக்கிறது என்று முன்பே உறுதி செய்து வைத்திருந்த அணுக்களில்தான் முதலில் விட்டுப் பார்த்தாள். மிஷினில் எதுவும் ஒளிரவில்லை. மனசு கேட்காமல் அப்பாவின் ரத்தத்திலும் விட்டாள். திரையில் புள்ளிகள் எல்லாம் இருட்டு மூலையிலேயே ஒண்டிக்கொண்டன. பன்னிரண்டு பேருக்கும் அப்படியே.

டாக்டர் குர்ஷித் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "இந்த ரத்தம் நாளைக்கு ஆகாது, ஜீவா. இன்னொரு குப்பி வர்றதுக்குள்ள திட்டமே இருக்காது" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பன்னிரண்டு டியூபுகளையும் ஜீவாவே கழிவுப் பையில் போட்டுக் கட்டினாள். அப்பாவுடையதைக் கடைசியாகப் போட்டாள்.

வீட்டு வாசலிலேயே கோவிந்தசாமி நின்றிருந்தார்.

"சமீருல்லா பாய் போன் பண்ணாரு. அங்க இருந்த யாரையோ கேட்டாராம், மிஷின்ல ஒண்ணுமே காட்டலன்னாங்களாம். அப்போ மேனேஜர் சொன்னதுதான் சரியாம்மா? என் உடம்புதான் மோசமா?"

வழியெல்லாம் அவள் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. மேனேஜர் ஜெயித்ததாக அவரை நினைக்கவிட அவளால் முடியாது.

"இல்ல நைனா. மருந்து கெட்டுடுச்சி. அதனாலதான் காட்டல. உன் மேல தப்பே இல்ல."

அவருக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நெற்றி சுருங்கியது.

"அதெப்படிக் கெடும்? ரெண்டு பிடி உப்புப் போட்டுதானே வச்சேன். பச்சைத்தோலே உப்புல ஒரு மாசம் தாங்குமே."

ஜீவா அவர் கையைப் பார்த்தாள். வெடிப்புகளின் ஓரம் வெந்துபோய் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அந்தக் கையால் உப்பை அள்ளியிருக்கிறார்.

"கம்மியா பூடுச்சி போல" என்றார் கோவிந்தசாமி. "அடுத்த தடவ எடுத்தாந்தேன்னா சொல்லு. இன்னொரு பிடி சேத்துப் போட்டுடறேன்."

"சரி நைனா" என்றாள்.