இரண்டு படிவங்கள், ஒரே கையெழுத்து

எழுபதுகளின் கடைசியில் நான் கஞ்சா குடித்தேன். பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சொறிக்கல்முனையில் என் கூட்டாளியின் வயற்காவல் குடிலில், பின்னேரம் அஸர் தொழுத கையோடு போய் இரண்டு இழுப்பு. பிறகு ஒரு மணித்தியாலம் இருமல். அந்த இருமலுக்குக் கதிரில் இருந்த குருவியெல்லாம் எழுந்து பறக்கும். வேளாண்மைக்கு நான் செய்த ஒரே சேவை அதுதான். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குள் கராம்பைச் சப்பி, சட்டையில் அத்தர் தடவி, புதுமாப்பிள்ளை போலக் கல்முனைக்குடிக்குத் திரும்பிவிடுவேன். ஒரு வருடத்தில் இருவருமே அதை விட்டுவிட்டோம்.

பிறகு விமான நிலையத்தில் வானொலித் தொடர்பு வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். எழுத்துச் சோதனையில் சித்தியடைந்ததும் பாதுகாப்பு அனுமதிக்கென்று ஆங்கிலப் படிவம் வந்தது. போதைப்பொருள் பாவித்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. என் ஆங்கிலம் திறம் என்பதால் அவனுடையதையும் நானே நிரப்பினேன்.

“ஓம் எண்டு எழுது மச்சான். ஒரு வருசம் குடிச்சன், மறுகா விட்டுட்டன். உள்ளதைச் சொல்ல என்னத்துக்குப் பயம்?”

அழகான ஆங்கிலத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என்னுடையதில் ‘இல்லை’ என்று எழுதினேன். பள்ளிவாசல் மரைக்கார் எனக்கு நற்சான்றிதழும் தந்தார். அத்தர் வாசத்தை நம்பியிருப்பார், பாவம்.

கொழும்பில் இருவருக்கும் தனித்தனியே நேர்முகப் பரீட்சை. அதிகாரி என் படிவத்துக்குப் பக்கத்தில் அவனுடையதையும் எடுத்து வைத்தார். ஒரே கையெழுத்து. இவர் யாருடன் சேர்ந்து குடித்தார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். யாரோ கூடாத சகவாசம், நானும் பலமுறை புத்தி சொல்லியிருக்கிறேன் என்றேன். அந்த ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சொன்னான்:

“ஆரோட குடிச்ச எண்டு என்னட்டயும் கேட்டாங்க. என்ட கதையை மட்டும் கேளுங்க சேர் எண்டுட்டன். உன்ட கதையை நீதானே சொல்லோணும். சொன்னாய்தானே?”

“ஓம்” என்றேன். படிவத்தில் எழுதாத ‘ஓம்’ அவனிடம் சுலபமாக வந்தது.

வேலைக் கடிதம் எனக்கு மட்டும் வந்தது. செய்தி கேட்டு அவன் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வீட்டுக்கு வந்தான்.

“நீயும் ஓம் எண்டுதானே சொன்ன? உனக்குக் கிடைச்சிட்டு. அப்ப கஞ்சால பிழையில்லடா. என்ட மூஞ்சைலதான் பிழை!”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். தயிரில் சீனி போதாது என்று வேறு குறை சொன்னேன்.

எனக்கு இப்போது பென்சன் வருகிறது. அவன் இன்னும் வயல் செய்கிறான். பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் அவன் வீட்டு வாசலில் நிற்கலாம். போகாமல் இங்கே உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளில் எழுதுவது எனக்கு எப்போதும் நன்றாகத்தான் வரும்.