பெரட்டில் என் பெயர்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் அந்தப் பெண் எனக்கு எதிரே அமர்ந்திருந்தார். கறுப்புச் சுவெட்டர், மடியில் லேப்டாப். ஜன்னல் வழியே வந்த மூடுபனி திரையில் படிய, சால்வை நுனியால் துடைத்துத் துடைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டளைகளுக்கு நடுவே ராமாயி, செபமாலை, லெட்சுமி என்று பெயர்கள்.

"இவங்கள்லாம் யாருங்க?" என்றேன்.

"எங்கம்மாகூட தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க. ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல பல வேலை நடக்கும்ங்க. ஒவ்வொண்ணும் ஒரு த்ரெட். நாம பேர் வைக்காட்டி கம்ப்யூட்டர் நம்பர் போட்டுரும். ஒண்ணு பாதியில நின்னுட்டா, நின்னது யாருன்னு தெரிய வேணாமா?"

"பேர் வச்சதும் ஓடிருமா?"

"இல்லைங்க. தொடங்குன்னு சொல்ற வரைக்கும் சும்மா நிக்கும். காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு வேலை குடுத்தாத்தானே மலைக்குப் போவாங்க, அந்த மாதிரி." திரையை மறுபடி துடைத்தார். "ஒரு நாள் எங்கம்மா பேரை மட்டும் கூப்பிட மறந்துட்டாங்களாம். மத்தியானம் வரைக்கும் அம்மா அங்கேயே நின்னாங்களாம்."

பிறகு என் பெயரைக் கேட்டு, அதையும் தட்டினார். ஹாலிஎலயில் இறங்கும்போது சொன்னார்: "உங்களையும் சேத்திருக்கேன். இன்னும் கூப்பிடல."

அவர் பெயரை நான் கேட்கவில்லை. சில காலைகளில், பனிக்குள் கூடையோடு நிற்கும் பெண்களுக்குப் பின்னால் நானும் நிற்பதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவராக மலையேறிப் போகிறார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.