புத்தளத்தில் ஒரு வழக்கு, மாம்புரியில் இரண்டு இரவு

போர் முடிந்து நான்காவது வருடம், செப்டெம்பர் முதல் கிழமை. யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேர் புத்தளத்துக்குப் போனோம், நானும் றிஸ்னாவும். சுற்றிப் பார்க்க இல்லை, மாதிரி வழக்குப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கற்பனையான ஒரு வழக்கைத் தருவார்கள், அதை உண்மையான நீதிமன்றத்தில் நடத்துவதுபோல மாணவர்கள் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு அணிக்கு ஒரு சட்டத்தரணி, ஒரு சாட்சி. றிஸ்னா சட்டத்தரணி. வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்த எனக்குச் சாட்சி வேலைதான் கிடைத்தது. அந்தப் புகைச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் கொழும்பு பஸ் ஏறினோம். வவுனியா, அநுராதபுரம் தாண்டிப் புத்தளம். ஏறத்தாழ 270 கிலோமீற்றர், ஏழரை மணித்தியாலம். அப்போது ஒருவருக்கு நானூற்றுச் சொச்ச ரூபாய். இன்றைக்கு அந்தக் காசைக் கொடுத்தால் நடத்துனர் மேலும் கீழும் பார்ப்பார். இடது பக்கத்து இருக்கையில் இருக்காதீர்கள். மதியம்வரை வெயில் அந்தப் பக்கம்தான், நான் நன்றாக வெந்தேன்.

பஸ்ஸில் றிஸ்னா வழக்கை மூன்று தரம் எனக்கு ஒப்புவித்தாள். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன ஒருவர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, இது என் வீடு என்கிறார். காணி உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், தொலைந்துவிட்டது. பதிவுக் கந்தோரும் எரிந்துவிட்டது. இப்போது அங்கே இருக்கிற பெண், இந்த ஆளை எனக்குத் தெரியாது, நான் வேறொருவரிடம் வாங்கினேன் என்கிறாள். வந்தவர் அந்த வீட்டில் வாழ்ந்தவர்தானா என்பதே கேள்வி. முதல் சுற்றில் நாங்கள் வீட்டைக் கேட்கிறவரின் பக்கம் நின்று வென்றிருந்தோம்.

இது அவளுக்கு வெறும் போட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கம் இருந்தது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லிப் புலிகள் இயக்கம் அனுப்பிவிட்டது. அவள் பிறந்ததே புத்தளத்தில்தான். அவர்களுடைய வீட்டிலும் இப்போது வேறு ஆட்கள்; இவர்களுடைய உறுதியும் தொலைந்துபோனது. அந்த ஆட்கள் ஒரு சின்னத் தொகை தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவளுடைய வாப்பா சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். போட்டி வெள்ளிக்கிழமை பின்னேரம்.

"வாப்பா ஓம் எண்டு சொல்லத்தான் யோசிக்கிறார்," என்றாள் றிஸ்னா. "உறுதியில்லாம என்ன வழக்கெண்டு கேக்கிறார். நாளைக்கு அவர் வந்து பாக்கட்டும் சுகி. உறுதியில்லாதவனும் வெல்லலாமெண்டு கண்ணால காணட்டும். பிறகு விக்கிறதோ விடுறதோ அவர்ட விருப்பம்."

புத்தளத்தில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடித்தோம். பாலாவி வரை ஏழெட்டுக் கிலோமீற்றர்தான், ஆனால் சீமெந்து லொறிகளுக்குப் பின்னால் ஊர வேண்டும். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. வலது பக்கம் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல், அதற்கு அப்பால் கடல்நீர் தேங்கிய களப்பு. கண் கூசியும் பார்வையை எடுக்க முடியவில்லை. உப்பை இருபத்தொரு வருடமாகச் சாப்பிட்டவள், அது இவ்வளவு அழகாகக் கிடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாம்புரி நெருங்க வேறொரு ஆச்சரியம். தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள். கழுத்தை வளைத்து யன்னலால் பார்த்தேன். ஒரு சிறகு எங்கள் கொக்குவில் வீட்டு வளவைவிட நீளமாக இருக்கும். அவை சுற்றுகிற சத்தத்துக்குக் கீழே ஒருவர் ஒன்றுமே நடக்காததுபோல மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "அதுதான் வாப்பா," என்று றிஸ்னா மணியை அடித்தாள்.

யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்த மனிதர், இப்போது மணலில் மிளகாயும் வெங்காயமும் போடுகிறார். நான் கொக்குவில் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஒழுங்கையால் வந்தால் அந்தச் சந்தி, அங்கே இன்னார் கடை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து துரத்தப்பட்டவரின் வீட்டில், உம்மா வைத்த மீன் ஆணத்தை நான் மூன்றாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ருசியாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், புத்தளம் களப்போரத்தில் ஒரு மண்டபம். காற்றுக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் அரைவாசிப் பேர் தொண்ணூறில் வந்த குடும்பங்கள். வாப்பா மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இருந்தார். முதல் சுற்றில் நின்ற பக்கம்தான் என்று நாங்கள் நினைத்திருக்க, யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். றிஸ்னா எடுத்த சீட்டில் "எதிராளி" என்று இருந்தது. வீட்டைக் கேட்டு வந்தவருக்கு எதிராக அவள் வாதாட வேண்டும்.

அவள் வென்றால், உறுதியில்லாதவன் தோற்பதை வாப்பா கண்ணால் காண்பார். "சும்மா ஒப்புக்குக் கேள்வி கேட்டிட்டு விடன்," என்று காதுக்குள் சொன்னேன்.

"அந்தக் கதை வேணாம்," என்றாள். "எந்தப் பக்கம் விழுந்தாலும் நிண்டு கதைக்கோணும். நான் வேணுமெண்டு தோக்கிறத வாப்பா பாக்கக் கூடாது."

எதிரணியின் சாட்சி, வீட்டைக் கேட்பவராக நடித்த ஒரு மெலிந்த பையன். நன்றாகத்தான் நடித்தான், இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்தார்கள். றிஸ்னா எழுந்து மிகவும் மரியாதையாகத் தொடங்கினாள். எத்தனை வருடம் இருந்தீர்கள், யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு அதே குரலில், "வீட்டுக்குக் கிணறு எந்தப் பக்கம்?" என்றாள்.

பையன் முழித்தான். வழக்கோடு தந்த வீட்டுப் படத்தை அவன் வடிவாகப் பார்க்கவில்லை என்று விளங்கிவிட்டது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, "மேற்கால," என்று ஒரு குரல் வந்தது.

அது வாப்பா. தான் பேசியதே அவருக்குத் தெரியாது. மனிதர் அந்த நேரம் மனதில் தன் யாழ்ப்பாண வீட்டு முற்றத்தில் நின்றிருக்கிறார்.

"மேற்குப் பக்கம்," என்றான் பையன் உடனே.

றிஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. "கனம் நீதிபதி அவர்களே, மண்டபத்தில் கேட்ட குரல் சாட்சியின் குரல் அல்ல. அதைப் பதிவிலிருந்து நீக்கும்படி கேட்கிறேன். சாட்சி ஆறுதலாக யோசித்து மறுபடி பதில் சொல்லட்டும்."

நீதிபதியாக இருந்தவர் உண்மையாகவே ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியைக் கழற்றி, "ஐயா, இன்னொரு முறை பேசினால் வெளியே போக வேண்டி வரும்," என்றார். வாப்பா எழுந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்க, வாய் தவறிட்டுது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய காதெல்லாம் சிவந்துவிட்டது.

பையன் மறுபடியும் மேற்கு என்றான். றிஸ்னா படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதில் கிணறு கிழக்குப் பக்கம் இருக்கிறது. நீங்கள் பிறந்ததிலிருந்து தண்ணீர் அள்ளிய கிணறு. மேலதிகக் கேள்விகள் இல்லை."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பையனுக்கு இரண்டாம் தரம் யோசிக்க நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், அதற்குப் பிறகு அவனை விழுத்தியதும் அவள்தான். என் கூடப் படிக்கிறவள், என் குளியல் சவர்க்காரத்தைக் கேட்காமல் எடுக்கிறவள். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அடுத்ததாக நான் சாட்சிக் கூண்டில் ஏறி, வீட்டில் இருக்கிற பெண்ணாக எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் வென்றோம். கைதட்டல் ஓய்ந்து பார்த்தபோது மூன்றாவது வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தது.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. டொல்பின் பார்க்கப் போகிறவர்கள் நவம்பருக்குப் பிறகு போங்கள். செப்டெம்பரில் கடல் கொந்தளிப்பு, காற்றில் பட்டம்போலக் கடலில் பறக்கிற வெள்ளைக்காரர்களைத்தான் பார்க்கலாம். எலுவன்குளம் பக்கத்தால் வில்பத்துக் காட்டுக்குப் போக நினைத்தால் ஜீப்பை முதல் நாளே பேசி வையுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரம் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்பின்னாகப் பாருங்கள். பாலாவியில் உப்பளத்தைப் பார்க்கப் பின்னேரம்தான் நல்ல நேரம். நாங்கள் திரும்பியதும் அந்த நேரத்தில்தான்.

வாப்பா மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறியில் வெளியே காத்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து ஏறினோம். பாலாவிச் சந்தியில் லொறி வரிசை மறித்து நின்றது. வெற்றிக் கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் காலுக்குக் கீழே வைத்திருந்தேன்.

றிஸ்னாதான் முதலில் உடைந்தாள். "அந்தப் பக்கம் விழுந்திட்டுது வாப்பா. நான் வேறென்ன செய்ய?"

"அழாத மகள். நீ செஞ்சது சரி."

"அப்ப நாளைக்கு அவங்களுக்கு ஓம் எண்டு சொல்லப் போறீங்களா?"

அவர் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் உறுதி இல்லாட்டித் தோல்வியெண்டு இவ்வளவு வருசமா நினைச்சிருந்தன். அந்தப் பொடியன் உறுதி இல்லாமலா தோத்தான்? அவனுக்கு அவன்ட வீடு தெரியாது. எனக்குத் தெரியும். என்ட கிணறு மேற்காலதான். அந்த வீட்டில இருக்கிறதுகளும் ஷெல்லடிக்குள்ளால ஓடி வந்த சனந்தான், அதுகளோட எனக்குக் கோவமில்ல. ஆனா நான் அங்க இருந்தவனெண்டு ஒருத்தர் கேட்டு எழுதோணும். அதுக்கு முதல் ஓம் எண்டு சொல்ல மாட்டன்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்னக் கூண்டில ஏத்து. அந்தப் பொடியனக் கேட்ட மாதிரியே கேளு, இரக்கம் பாக்காத."

றிஸ்னா தலையில் போட்டிருந்த சோலின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். நெருக்கத்துக்குள் எப்படியோ நிமிர்ந்து இருந்து, மண்டபத்தில் பேசிய அதே குரலில் கேட்டாள்: "அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர் யார்?"

முன்னால் லொறிகள் நகர்ந்துவிட்டன. பின்னால் ஹோன் அடிக்கத் தொடங்கினார்கள். வாப்பா கியரில் கை வைக்கவில்லை.

"நான்," என்றார்.