பாலம் தாண்டும்வரை பட்டினி

வெறும் வயிற்றில் ஏலக்காய் போட்ட பால் கொதிக்கும் வாசனை ஏறினால் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டதில்லை என்றால் நீங்கள் பத்து வயதில் சஷ்டி விரதம் இருந்ததில்லை என்று அர்த்தம். நான் இருந்திருக்கிறேன், மனாமாவில், குதைபியாவில், 'கோல்டு ஸ்டோர்' என்று நாங்கள் சொல்லும் மளிகைக்கடை ஒன்றின் மாடியிலிருந்த ஒற்றை அறை வீட்டில்.

அப்பாவுக்குப் பக்கத்து நாட்டில், தம்மாமில் வேலை. வாரம் முழுக்க அங்கே கேம்பில் இருந்துவிட்டு, வியாழன் டூட்டி முடிந்ததும் கடல் பாலத்தைத் தாண்டி பஹ்ரைனுக்கு எங்களிடம் வருவார். ஒரு வியாழனன்று அவருடைய கம்பெனி வேன் கவிழ்ந்தது. அப்பா அதில் ஏறவில்லை, ஏற வேண்டியவர்தான். அன்றிலிருந்து அம்மா வளர்பிறை சஷ்டிதோறும் பச்சைத் தண்ணீரோடு விரதம் பிடித்தாள். ஊரில் சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டதும் விரதத்தை விட்டுவிடுவார்கள். அம்மா அதற்கு மேலும் தானாக ஒரு சட்டம் போட்டிருந்தாள்: சஷ்டி வியாழனில் வந்தால், அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் பால். "அவிய வந்து சேராம எனக்கு எப்படிட்டி தொண்டையில எறங்கும்?" என்பாள்.

அந்த வருஷம் ரமலான் மாதத்தில் அப்படி ஒரு சஷ்டி வந்தது. பள்ளியில் பாதிப் பேர் நோன்பு, நான் மட்டும் தின்றுகொண்டிருப்பதா என்ற வீம்பில், நானும் விரதம் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மதியம்வரை வீம்பு தாங்கியது. மாலையில் பாங்கு சொன்னபின் அம்மா கற்பூரம் வாங்கக் கீழே அனுப்பினாள். கடைக்காரப் பாய் காயல்பட்டினத்துக்காரர். "வாம்மா, நோன்பு தொறந்தாச்சு, சூடா ஒரு வாய் குடிச்சிட்டுப் போ" என்று நோன்புக் கஞ்சியை நீட்டினார். என் கை, என்னைக் கேட்காமலே வாங்கிக்கொண்டது. முக்கால் கிண்ணம் காலியான பிறகு பல்லில் கறித்துணுக்கு பட்டபோதுதான் எனக்கு உயிரே போயிற்று. விரதத்தில் கஞ்சி, அதிலும் கறிக்கஞ்சி!

ஏழு மணிக்கு வர வேண்டிய அப்பா ஏழரைக்கும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடியும் வேன் கவிழ்ந்துவிட்டது, கவிழ்த்தது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். எட்டு மணிக்கு மேல் அடக்க முடியாமல், "பாய் கடையில கஞ்சி குடிச்சிட்டேம்மா. கறிக்கஞ்சி. அதான் அப்பா வரல" என்று கேவினேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "கூறுகெட்டவளே, நீ குடிச்சதுக்கு முருகன் ஒங்கப்பாவையா பிடிப்பான்?" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூரத் தள்ளிவைத்தாள். காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போனது அந்தத் தண்ணீர் மட்டும்தான். இப்போது அதுவும் வேண்டாமாம்! சொன்னதை அவளே நம்பவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது, அதற்குப் பிறகுதான் உண்மையாகப் பயந்தேன்.

எட்டே முக்காலுக்கு அப்பா வந்தார். பாலத்து இமிகிரேஷனில் நீள வரிசை, போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். "என்ன, ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கிய?" என்று கேட்டார். அம்மா செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கஞ்சி விஷயத்தை அவரிடம் அவள் கடைசிவரை சொல்லவே இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் கோல்டு ஸ்டோரும் இல்லை, பாயும் இல்லை. நான் இங்கேயே இருக்கிறேன். தம்மாமுக்குப் போய்வருவது இப்போது என் கணவர். ஜன்னலடியில் காத்துக் கிடக்கும் பாடும் ஒழிந்தது, அவர் எங்கே வருகிறார் என்று போனில் ஒரு நீலப்புள்ளி காட்டிவிடுகிறது. எனக்குச் சஷ்டியும் கிடையாது, விரதமும் கிடையாது. அதைப் பெருமையாகவே சொல்லித் திரிகிறேன். போன வியாழன் அந்தப் புள்ளி பாலத்தின் நடுவில் பத்து நிமிஷம் அசையவில்லை. "மம்மி, நீ சாப்பிடலையா?" என்று மகள் கேட்டாள். "பசிக்கல, நீ சாப்பிடு" என்றேன். மதியமும் நான் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.