மார்கழி பஜனையில் கை வைக்காமலே வாசித்த கீபோர்டு

டிசம்பர் கடைசி வாரம், வியாழன் முதல் ஞாயிறு வரை கேமரன் மலையில் இருந்தேன். ஸ்ட்ராபெரி பறிக்கப் போகவில்லை. அதற்கு வேறு பதிவுகள் நிறைய இருக்கின்றன. நான்கு வருடமாக நான் செய்துவரும் ஒரு கீபோர்டு, ரிங்லெட்டுக்கு உள்ளே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பஜனைக் குழுவிடம் இருக்கிறது. புரட்டாசியிலிருந்தே அது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பவில்லை. அவர்கள் செய்யும் தவறை நேரில் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டைகளுக்குப் பதில் தொடு தகடுகள். விரலை நகர்த்தினால் சுரம் வளையும். கடையில் வாங்கும் கீபோர்டில் வராத கமகம் இதில் வரும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். வரைபடமும் மென்பொருளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. யாரும் எடுத்துச் செய்யலாம், திருத்தலாம், குறை எழுதலாம். குறை எழுதியவர்கள் பலர். திருத்தியவர் ஒருவர், அவரும் பிறகு என் வரைபடத்தைத் தன் பெயரில் விற்கப் போய்விட்டார். பதினோரு கருவிகள் செய்து கொடுத்தேன். பத்து அலமாரிக்குப் போய்விட்டன. வாசிக்கப்படுவது இந்தத் தோட்டத்தில் மட்டும்தான். இவர்களும் வேண்டாம் என்றால், நான் செய்தது யாருக்கும் தேவையில்லாத பொருள்.

கோலாலம்பூரிலிருந்து காலை எட்டரை பஸ், நாற்பது ரிங்கிட். பதினொரு மணிக்குத் தாப்பா. அங்கிருந்து ரிங்லெட்டுக்கு 45 கிலோமீட்டர், முழுக்க வளைவு. வயிறு சரியில்லாதவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். பஸ் தானா ராத்தாவுக்குப் போவது; ரிங்லெட்டில் இறங்க ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும்.

“அண்ணே, ரிங்லெட்ல எறக்கி விடுங்க.”

“டிக்கெட் தானா ராத்தாவுக்குல்ல இருக்கு. மிச்ச காசு கேக்கக் கூடாது லா.”

கேட்கவில்லை. பன்னிரண்டரைக்கு இறங்கியபோது தனபாலன் தன் பழைய கெரெத்தாவுடன், அதாவது காருடன், நின்றிருந்தான். கொழுந்து லோரி ஓட்டுகிறான். குழுவின் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான். எனக்குக் குறைகளைக் குரல் பதிவாக அனுப்பியவனும் அவன்தான்.

எங்கள் இருவருக்கும் பதினேழு வயதானபோது குழு முதன்முதலாக ஒரு கீபோர்டு வாங்கியது. என் விரல்தான் நன்றாக ஓடும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்போதைய தலைவர், “நீ படிக்கப் போறவன், நாளைக்கு இங்க இருக்க மாட்டே” என்று சொல்லி அதைப் பாலனிடம் கொடுத்தார். அவர் சொன்னபடியே நடந்தது. அதனால் வருத்தம் குறைந்துவிடவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஆகிறது.

“நரைச்சுட்டியேடா,” என்றான் பாலன்.

“உனக்குக் கொட்டியே போச்சு,” என்றேன். தோட்டம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி, வெளியே பதினாறு டிகிரி. மாரியம்மன் கோயிலுக்குள் இருபது பேர், விளக்குகள், கற்பூரம், அண்டாவில் சுக்குக் காப்பி. அடுப்படி போலச் சூடு. குழுவை முன்னின்று நடத்தும் பார்வதி அக்கா பாட, பாலன் கீபோர்டை இயக்கிச் சுருதி எடுத்தான். கதவு திறந்ததும் எல்லோரும் பனிக்குள் இறங்கினோம்.

தொழிலாளர் வீட்டு வரிசைகளான ஆறு லயங்களையும் சுற்ற வேண்டும். ஐந்தாவது லயத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. அந்த நாளில் பாட்டு முதல் லயத்தில் கேட்டதும் அப்பா எழுவார், மூன்றாவதில் அம்மா, நான்காவதில் நான். போர்வைக்குள் படுத்தபடியே பாட்டு எத்தனை வீடு தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தபோதுதான், நான்காவது லயத்தில் கீபோர்டு தானாக வாசிக்கத் தொடங்கியது. பாலன் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான். அது நிற்கவில்லை. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல். பார்வதி அக்கா குரலை உயர்த்தி அதை மூடிப் பாடினார்.

“என்ன பாலா, அது தனிக் கச்சேரி நடத்துது?” என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

“அணைச்சுட்டு மறுபடி போடு,” என்று நான் பாலனின் காதருகே சொன்னேன்.

நடந்தபடியே திரும்பிப் பார்த்தான். “அணைக்கவா? நீ இந்தத் தோட்டத்துல பொறந்தவன்தானே?”

அப்போதுதான் உறைத்தது. அம்மன் முன்னால் எடுத்த சுருதி, சுற்றிவிட்டு அம்மன் முன்னால் வந்துதான் நிற்க வேண்டும். இடையில் அறுபடக் கூடாது. சுருதிப் பெட்டிக் காலத்தில், துருத்தி போடுபவருக்கு இருமல் வந்தால் அடுத்தவர் கை மாற்றிக்கொள்வார். நானே எத்தனையோ காலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கருவியை இயக்கும் நொடியில், தொடாத தகடு எப்படி இருக்கும் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். சூட்டில் அளந்தது குளிருக்குப் பொருந்தவில்லை. தகட்டில் படிந்த பனியை விரல் என்று நினைத்துக்கொண்டது. வீட்டில் நூறு முறை சோதித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அணைத்து அணைத்துப் போட்டுத்தான்.

கோயிலுக்குத் திரும்பியதும் பார்வதி அக்கா இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தார். “தம்பி, கோவிச்சுக்காதே. நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். சரியில்லன்னா பழைய பெட்டியே போதும். நான் சாமிக்குப் பாடறதா, இதுகூடச் சண்டை போடறதா?”

அன்று பகல் பாலன் வீட்டில் உட்கார்ந்து, பழைய குறைகளைத் திறந்து கேட்டேன். அவன் புரட்டாசியில் அனுப்பிய பதிவு: “நிக்காம அதுவா சரி பண்ணிக்கிற மாதிரி ஒண்ணு வை செல்வா.” அதற்குக் கீழே என் பதில்: ‘பயன்படுத்துபவரின் தவறு. வெளியே வந்தபின் இயக்கவும்.’ குறை தீர்ந்தது என்று அதை மூடியும் வைத்திருந்தேன். வேறு யாராவது அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

மூன்று மணிக்கு லோரியை விட்டுவிட்டு வந்தான். நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் செய்யலாமா என்று கேட்டேன்.

“வேணாம். நான் ஒரு சுரத்தைப் புடிச்சு நிக்கும்போது அளந்தா அதையும் பனின்னு நெனச்சுடும். பாட்டு முடிஞ்சு அடுத்த வீட்டுக்கு நடக்கறப்ப கையை எடுத்துடுவோம்லா? சுருதி மட்டும் போயிட்டிருக்கும். அப்ப அளக்கட்டும்.”

“கையை எடுத்தது அதுக்கு எப்படித் தெரியும்?”

“ஓரத்துல ஒரு பொத்தான் வை. நான் அமுக்கறேன். எல்லாத்தையும் அதுவே கண்டுபுடிக்கணுமா?”

ஓரத்தில் சுருதி கூட்டும் பொத்தான் ஒன்று இருந்தது. பஜனையில் யாரும் அதைத் தொடுவதில்லை. மாலைக்குள் அதன் வேலையை மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை இன்னும் அதிகப் பனி. ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் பாலனின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய் வந்தது. மூன்றாவது லயத்தில் அவன் மறந்தபோது ஒரு சுரம் தவறி ஒலித்தது, அமுக்கினான், அடங்கியது. நான்காவது லயம் கடந்தது. ஐந்தாவதில், எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் வங்கதேசத் தொழிலாளி கதவைத் திறந்து, கை கட்டி நின்று கேட்டார். முன்னால் நடப்பவர்கள் எனக்குக் கொஞ்ச நேரம் சரியாகத் தெரியவில்லை. பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் முன்னால் வந்து கற்பூரம் அணைந்த பிறகுதான் சுருதி நின்றது.

“இன்னிக்கு வாய மூடிக்கிட்டு வந்துச்சு,” என்றார் பார்வதி அக்கா. “இருக்கட்டும்.”

போகிறவர்களுக்கு: மார்கழியில் காலை ஐந்துக்கே கோயிலில் இருங்கள், வெளியூர்க்காரர் என்று யாரும் தடுப்பதில்லை. கம்பளிச் சட்டை, டார்ச், வழுக்காத செருப்பு அவசியம். ரிங்லெட்டில் அறை தொண்ணூறு ரிங்கிட். தோட்டத்துக்கு டாக்சி முப்பது, திரும்பவும் அவரையே வரச் சொல்லிவிடுங்கள். கருவி செய்கிறவர்களுக்கு: அது வாசிக்கப்படும் இடத்தில், வாசிக்கப்படும் நேரத்தில் போய் நில்லுங்கள். பழைய கணக்குகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினேழு வயதில் அந்த முதல் கீபோர்டை என்னிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் புதிய பதிப்பில் பங்களித்தோர் என்ற இடத்தில், என் பெயருக்குக் கீழே தனபாலன் பெயர் இருக்கிறது.

ஞாயிறு பஸ் தாப்பாவை நெருங்கும் முன்பே அவனிடமிருந்து அடுத்த குரல் பதிவு வந்துவிட்டது: “தோள்ல வார் அறுக்குதுடா. நீ இத மாட்டி ஒரு நாளாவது நடந்து பாத்தியா?”

நடந்து பார்க்கவில்லை. அப்படியே எழுதினேன். பிறகு, எந்த இடத்தில் அறுக்கிறது என்று கேட்டேன்.